நாளொன்றுக்கு மூன்று அவுன்ஸ்

திருவனந்தபுரத்தில் குடிகாரன் என்று பேர் வாங்கியவர்கள் பல வழியில் வாங்கியிருக்கிறார்கள். சாலைக் கடைத்தெரு ஓடையில் விழுந்து வாங்கியவர்கள் உண்டு. கிழக்கேகோட்டை வாசலில் நின்றுகொண்டு போலீஸ்காரனை மாப்பிள்ளை என்று அழைத்து வாங்கியவர்களும் உண்டு. ஒரு சொட்டும் நாக்கில் படாமல், தள்ளாடாமல், உளறாமல், வெறும் பெருக்கலாலும் வகுத்தலாலும் அந்தப் பேரை வாங்கியவர் ஒரே ஒருவர்தான். அவர் ஞானையன், நகரத்து மேட்டில் இருந்த ஒரு காலேஜின் ரசாயனக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக அட்டெண்டர்.

கொல்லம் ஆண்டு 1111, மீனமாசத்தில் ஒரு திங்கட்கிழமை அவர் கையில் மெமோ கிடைத்தது. அதில் கண்டிருந்தது இதுதான்:

'நடப்பு வருஷத்தில் செலவான ஸ்பிரிட் ஆறு காலன். கணக்குப்படி வேண்டியது இரண்டே முக்கால் காலன். குறைவு மூன்றேகால் காலன். வேலை நாள் நூற்றெண்பது. ஆகவே தாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளும் விடுமுறைகளும் நீங்கலாக, நாளொன்றுக்கு ஏறக்குறைய மூன்று அவுன்ஸ் அருந்தி வந்ததாகக் காணப்படுகிறது. வருகிற வெள்ளிக்கிழமை விசாரணையில் சமாதானம் கூறவும்.'

ஞானையன் மூன்று தடவை வாசித்தார். முதல் தடவையில் யாரைப் பற்றி என்று புரியவில்லை. இரண்டாம் தடவையில் புரிந்தது. மூன்றாம் தடவையில் 'ஞாயிற்றுக்கிழமைகளும் விடுமுறைகளும் நீங்கலாக' என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது. ஓய்வுநாளை ஆசரிக்கிற குடிகாரன் என்று அவருக்கு அந்த மட்டில் ஒரு மரியாதை செய்திருந்தார்கள். அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

அவர் பொறுக்காததற்கு நியாயம் இருந்தது. தக்கலைக்குக் கிழக்கே பனங்காட்டில் பிறந்தவர் அவர். அப்பா பனையேறி, பெரியப்பா பனையேறி. பெரியப்பா ஒரு நாள் கள்ளுக் கலயத்தோடு பனையிலிருந்து இறங்கினார், ஏணியில்லாமல், ஒரேயடியாக. கலயம் உடையவில்லை. பதின்மூன்று வயது ஞானையன் அந்தக் கலயத்தை எடுத்துக்கொண்டுபோய் ஒரு பாறையில் உடைத்தார். அடுத்த ஞாயிறு சபையில் மதுவிலக்கு உறுதிமொழி அட்டையில் கையெழுத்துப் போட்டார். கருப்பட்டி வண்டியோடு சாலைச் சந்தைக்கு நடந்து வந்து, இந்தக் காலேஜில் வேலைக்கு நின்றபோது அவர் பெட்டியில் இருந்தவை இரண்டு வேட்டி, ஒரு வேதப்புஸ்தகம், அந்த அட்டை. அட்டைக்குச் சட்டம் போட்டுப் பாளையத்து வாடகை வீட்டின் முன்னறையில் மாட்டியிருந்தார். தமிழ்ச் சபையின் மதுவிலக்குச் சங்கத்துக்குப் பன்னிரண்டு வருஷமாக அவர்தான் காரியதரிசி.

அப்படிப்பட்டவருக்குக் கர்த்தர் கொடுத்த வேலை, தினமும் ஸ்பிரிட் விளக்குகளை நிரப்புவது.

அந்தக் காலேஜுக்கு எரிவாயு வரவில்லை. நீர் கொதிக்கவும் உப்பு உலரவும் எல்லாவற்றுக்கும் ஸ்பிரிட் விளக்குத்தான். இருபத்திரண்டு வருஷத்தில் ஸ்பிரிட் ஞானையனுடைய கையில் ஊறி, காக்கிக் கோட்டில் ஊறி, குடைக்கம்பியிலும் ஊறிவிட்டிருந்தது. அவர் தெருவில் போனால் முன்னால் வாசனை போகும், பின்னால் காரியதரிசி போவார். ஆளைத் தெரிந்தவர்கள் 'காலேஜ் வாசனை' என்பார்கள். தெரியாதவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். மெமோ வரும்வரை அவர் அதை மரியாதை என்றே எண்ணியிருந்தார்.

மெமோவை எழுதியவர் ஸ்டோர் சூப்பிரண்டு பூதலிங்கம் பிள்ளை. நாஞ்சில்நாட்டுக்காரர், கணிதத்தில் பி.ஏ. அவருக்கு மனிதர்கள் மேல் பகை கிடையாது. மையால் எழுதிய எந்த எண்ணையும் நம்புவார், அவ்வளவுதான். செலவைச் சுருக்கச் சொல்லி நிர்வாகம் கடிதம் போட்டதும், ஸ்பிரிட்டில் சுருக்கலாமா என்று பார்க்க அவர் இன்டர்மீடியட் வகுப்பின் நாற்பது ரெக்கார்டு நோட்டுகளைத் தருவித்தார். அதில் 'எரிவெப்பம் காணல்' என்று ஒரு சோதனை இருந்தது.

சோதனை எளிது. செம்புக் குவளையில் இருநூறு கிராம் தண்ணீர். அடியில் ஸ்பிரிட் விளக்கு. விளக்கை ஏற்றுமுன் ஒரு தடவை நிறுக்க வேண்டும், அணைத்தபின் ஒரு தடவை. குறைந்தது எவ்வளவோ அவ்வளவு ஸ்பிரிட் எரிந்தது. தண்ணீர் நாற்பது டிகிரி ஏறியிருந்தால், இருநூறை நாற்பதால் பெருக்கி எண்ணாயிரம் கலோரி சூடு. இத்தனை கிராம் ஸ்பிரிட் எண்ணாயிரம் கலோரி கொடுத்தால் நாற்பத்தாறு கிராம் ஸ்பிரிட் எவ்வளவு கொடுக்கும்? (ஏன் நாற்பத்தாறு என்று கேட்டால் ஸ்பிரிட்டின் மூலக்கூறு எடை அது, கேட்காமல் இருந்தால் இன்னும் நல்லது.) புத்தகத்தில் இதற்கு விடை அச்சிட்டிருக்கிறது: மூன்று லட்சத்து இருபத்தாறாயிரம் கலோரி.

நாற்பது நோட்டிலும் அதே விடை. ஒருவன் மூன்று லட்சத்து இருபத்தைந்து, இன்னொருவன் இருபத்தேழு. எல்லாவற்றின் அடியிலும் சிவப்பு மையில் டெமான்ஸ்ட்ரேட்டர் நாகேஸ்வரனின் கையெழுத்து. பிள்ளைக்கு ஆனந்தம் தாங்கவில்லை. ஆகவே ஒரு கிராம் ஸ்பிரிட் ஏழாயிரம் கலோரிக்குக் குறையாமல் கொடுக்கிறது. நாற்பது பேர் சாட்சி. வருஷம் முழுவதும் இந்தக் கூடத்தில் எத்தனை குவளை தண்ணீர் எத்தனை டிகிரி சுட்டது? கூட்டினார், வகுத்தார். இரண்டே முக்கால் காலன் போதும் என்று வந்தது. வாங்கியதோ ஆறு.

இதில் பிள்ளைக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. அது மற்ற எல்லோருக்கும் தெரிந்ததாக இருந்தது. அந்தக் கூடத்தில் எந்த விளக்கும் எந்த நாளும் மூன்று லட்சத்து இருபத்தாறாயிரம் கொடுத்ததே இல்லை. விளக்கின் சூட்டில் பாதிக்குமேல் குவளைக்குப் போகாமல் காற்றுக்குப் போகும். உண்மையாகச் செய்தால் பாதிக்கும் கீழேதான் விடை வரும். வந்தால் டெமான்ஸ்ட்ரேட்டர் கையெழுத்துப் போடமாட்டார். நூற்றுக்கு ஐந்துக்குமேல் பிசகக்கூடாது. ஆகையால் பையன்கள் புத்தக விடையை முதலில் எழுதிக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி நடந்து, எரிந்த ஸ்பிரிட் ஒன்றேகால் கிராமுக்கும் குறைவு என்று கண்டுபிடிப்பார்கள். தராசை ஏன் சிரமப்படுத்த வேண்டும்? கெட்டிக்காரர்கள் விளக்கையே ஏற்றமாட்டார்கள். அவர்களுக்குத்தான் முழு மார்க்.

இருபத்திரண்டு வருஷம் இதைப் பார்த்துக்கொண்டு சோதனைக்குழாய் கழுவியவர் ஞானையன். படித்த பிள்ளைகளின் விளையாட்டு என்று விட்டிருந்தார். அந்த விளையாட்டு இப்போது மூன்று அவுன்ஸாகத் திரும்பி வந்து அவர் வாயில் ஊற்றியது.

மெமோவோடு நேரே நாகேஸ்வரனிடம் போனார். கோட்டைக்குள் அக்ரகாரத்துக்காரர் நாகேஸ்வரன். நல்ல மனிதர், ஈ எறும்புக்குக்கூடப் பயப்படுவார்.

"சார் இதைக் கொஞ்சம் வாசியுங்கோ."

நாகேஸ்வரன் வாசித்தார். "அபாண்டம்! மகா அபாண்டம் ஓய்!"

"அபாண்டந்தான். சூப்பிரண்டுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்கோ. விளக்கு பாதிச் சூட்டைக் காத்துல விடும்னு."

"சொல்லலாம்..." என்று நாகேஸ்வரன் இழுத்தார். "சொன்னா உடனே கேப்பாரே, அப்போ ரெக்கார்டிலே எப்படி மூணு லட்சத்து இருபத்தாறு வந்ததுன்னு."

"எப்படி வந்ததுன்னு சாருக்குத் தெரியுமே."

"எனக்குத் தெரியும். உமக்குத் தெரியும். பசங்களுக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்தை ஒருத்தன் எழுந்து நின்னு சொல்லுவானேன்?"

"நான் குடிக்கதில்லேங்கதும் எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயந்தான் சார். அது மட்டும் எப்படி மெமோவுல ஏறிச்சு?"

நாகேஸ்வரன் ஒரு காலிக் குப்பியை எடுத்து மூடியைத் திறந்து மறுபடி மூடினார். "பன்னெண்டு வருஷத்துக் கையெழுத்து ஓய். எல்லாம் பொய்யின்னு நானே சொன்னா, என்னை ஆத்துக்கு அனுப்பிடுவா. வெள்ளிக்கிழமை பார்த்துக்கலாம், போம்."

ஒரு மனிதன் குடிக்காமல் குடிகாரனாவது, இன்னொரு மனிதன் வாய் திறந்து ஒரு உண்மையைச் சொல்வதைவிட அந்தக் காலேஜில் எளிதாக இருந்தது. ஞானையன் காக்கிக் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். நடையில் கோபம் இருந்ததால் கால் கொஞ்சம் பின்னியது. வழியில் அதை இரண்டு பேர் பார்த்துக்கொண்டார்கள்.

மனைவி ஜெயபாய் மெமோவைக் கேட்டுவிட்டு முதலில் ஒரு கேள்விதான் கேட்டாள். "மூணு அவுன்ஸுன்னா எம்புட்டு?"

அவர் டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் காட்டினார்.

"இம்புட்டுதானா? எனக்க சித்தப்பா இதக் கொண்டு வாய் கொப்புளிப்பாரு."

"நீயும் சிரிக்கியா?"

"பின்ன அழவா? பச்ச ஸ்பிரிட்ட தெனமும் இத்தற குடிச்சவன் மெமோ வாங்க உசிரோட இருப்பானா? இதக் கேக்க அந்தக் காலேஜுல ஒரு ஆளு கெடையாதா? எல்லாரும் படிச்சவியளாக்கும்!"

"கணக்கு அப்படி வருதாம்."

"கணக்கு!" ஜெயபாய் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து விறகைத் தள்ளினாள். "இன்னா எரியுது பாருங்க. இதுல பாதி பானைக்காக்கும் போவுது. மீதி பாதி எனக்க மூஞ்சிக்கு. இருபது வருசமா நான் வெந்துட்டுக் கெடக்கேன், அது எந்த நோட்டுல ஏறியிருக்கு? அந்தப் பிள்ளைய ஒரு நாளு நம்ம அடுப்புக்கு முன்னால இருத்தணும்."

ஞானையன் அடுப்பைப் பார்த்தார், மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு அடுப்புக்குப் பக்கத்தில் தம் கையை நீட்டிப் பார்த்தார்.

புதன்கிழமைக்குள் சங்கதி சபைக்குப் போய்விட்டது. அன்று மாலை ஜெபக்கூட்டத்தில் மூப்பர் தங்கையன் வழக்கம்போல அவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். ஆனால் ஒரு முழம் தள்ளி. பன்னிரண்டு வருஷம் இல்லாத முழம்.

"ஞாயித்துக்கெழம சங்கத்துக்க ஆண்டுக்கூட்டம். காரியதரிசி அறிக்கை வாசிக்கணுமே..." என்றார் மூப்பர், எதிர்ச்சுவரைப் பார்த்து. "ஒமக்கு சவுகரியப்படுமோ என்னவோ."

"எனக்கு எல்லாச் சவுகரியமும் உண்டு," என்றார் ஞானையன். வேலை போனால் சாலைச் சந்தையில் கருப்பட்டி விற்றுப் பிழைக்கலாம் என்று நினைத்திருந்தவருக்கு, அந்த ஒரு முழத்தை எந்தச் சந்தையில் விற்றுத் தீர்ப்பது என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பிரின்சிபால் சத்தியநேசன் அறையில் விசாரணை. மேஜைமேல் நாற்பது நோட்டும் அடுக்கியிருந்தன. பிள்ளை தம் கணக்கை எழுந்து நின்று வாசித்தார். உண்மையில் அழகான கணக்கு. ஒரு தசமப் புள்ளிகூட இடம் மாறவில்லை. நாகேஸ்வரன் தம் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"உமக்கு என்ன சொல்லணும் ஞானையன்?" என்று கேட்டார் பிரின்சிபால்.

"ஒண்ணும் சொல்லதுக்கில்ல சார். விளக்கேத்தணும்."

"என்ன?"

"நாற்பது நோட்டு சாட்சி சொல்லிருக்கு. விளக்கு இன்னும் சொல்லல்ல. அதையும் விசாரிக்கணும்."

எல்லோரும் ரசாயனக் கூடத்துக்குப் போனார்கள். இருபத்திரண்டு வருஷம் பிறர் செய்யாததை எல்லாம் பார்த்திருந்த ஞானையன், அன்று முதல் தடவையாகத் தாமே செய்தார். இருநூறு கிராம் தண்ணீர். முப்பது டிகிரி. விளக்கை நிறுத்தார், ஏற்றினார். தெர்மாமீட்டர் எழுபதைத் தொட்டதும் அணைத்தார், மறுபடி நிறுத்தார். எரிந்தது இரண்டு கிராமும் நாற்பத்தைந்து சென்டிகிராமும். பிள்ளை துள்ளிக்கொண்டு கணக்குப் போட்டார். ஒரு லட்சத்து ஐம்பதாயிரம்.

"கண்டேளா சார்!" என்று கூவினார் பிள்ளை. "நம்ம கண்ணு முன்னாலயே பாதியைக் காணோம்!"

"அவர் குடிக்கலியே பிள்ளை. நாம பார்த்துக்கிட்டுத்தானே இருந்தோம்?" என்றார் பிரின்சிபால்.

"அதுதான் சார் எனக்கும் அதிசயம். பழக்கம் அப்படி."

பிரின்சிபால் விளக்கைப் பிள்ளையின் பக்கம் நகர்த்தினார். "நீரே செய்யும்."

பிள்ளை மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஞானையனை மூன்று கெஜம் தள்ளி நிற்கவைத்துவிட்டு, தாமே நிறுத்தார், தாமே ஏற்றினார், தாமே அணைத்தார். ஒரு லட்சத்து நாற்பத்தேழாயிரம் வந்தது. அட்டெண்டரைவிட மூவாயிரம் அதிகமாகவே தொலைத்திருந்தார். பிள்ளை தம்மையறியாமல் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை ஏத்துங்கோ பிள்ளைவாள்," என்றார் ஞானையன். குரல் தாழ்ந்திருந்தது, கோபம் தாழவில்லை. "இப்போ கைய நீட்டுங்கோ. குவளைக்கு மேல வேண்டாம். விளக்குக்குப் பக்கத்துல. கொஞ்சம் தள்ளி."

பிள்ளை கையை நீட்டினார். பத்து எண்ணுவதற்குள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"சுட்டுதா?"

"சுட்டுது வேய்."

"அதாக்கும் நான் குடிச்ச மூணு அவுன்ஸ்."

பூதலிங்கம் பிள்ளை கெட்டவர் இல்லை என்று முன்பே சொல்லியிருக்கிறது. அவர் உள்ளங்கையைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். பிறகு முகம் சிவந்து, கூடவே கொண்டுவந்திருந்த நோட்டுகளைத் தூக்கிக் காட்டினார். "அப்போ இது எந்தக் கணக்கு? நாற்பது விளக்கு எப்படிச் சூட்டை வெளிய விடாம எரிஞ்சுது? நாகேஸ்வரன் சார், பறையணும்!"

நாகேஸ்வரன் எழுந்தார், நின்றுகொண்டிருந்தவர் எப்படி எழுந்தார் என்று தெரியவில்லை, ஆனால் எழுந்தார். "நான்தான் சார். புஸ்தகத்தோட ஒத்து வராட்டா கையெழுத்துப் போடமாட்டேன்னேன். அவா ஒத்து வரப் பண்ணிண்டா."

"நீர் படிக்கறப்போ உமக்கு எவ்வளவு வந்தது?" என்று கேட்டார் பிரின்சிபால்.

"மூணு லட்சத்து இருபத்தஞ்சு சார்."

பிரின்சிபால் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அவரும் ரசாயனம் படித்தவர். "எனக்கு இருபத்தேழு," என்றார். அந்தக் குரலில் வெட்கம் இருந்திருக்க வேண்டும். ஞானையன் காதில் விழுந்தது பெருமைதான்.

பிறகு பிரின்சிபால் உத்தரவைச் சொல்லச் சொல்ல குமாஸ்தா எழுதினார். 'ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படாமையால்...'

"நிறுத்துங்கோ சார்," என்றார் ஞானையன். பிரின்சிபாலை அந்தக் கட்டடத்தில் யாரும் அப்படி நிறுத்தியதில்லை. "நிரூபிக்கப்படல்லேன்னா, குடிச்சான் பிடிபடல்லேன்னு அர்த்தம். எனக்கு அது வேண்டாம். விளக்கேத்தாதவனுக்கு முழு மார்க்கு, விளக்கு நிரப்பினவனுக்கு மூணு அவுன்ஸா? நீங்க எல்லாரும் எழுதின பொய்க்கு நானா வாய் நாறணும்? இந்தக் கூடத்துல இந்த விளக்கு என்ன குடுக்கும்னு சுவத்துல எழுதி, மூணு பேரும் கையெழுத்துப் போடுங்கோ. அது போதும்."

போட்டார்கள். வேறு என்ன செய்வார்கள்? கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில், 'இக்கூடத்து விளக்கில் காணும் எரிவெப்பம் ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் கலோரி' என்று எழுதி, மூவர் கையெழுத்தும் வைத்து, வாசலுக்கு எதிரே மாட்டினார்கள். அதன் நகலை ஞாயிற்றுக்கிழமை ஞானையன் சங்கத்தின் ஆண்டுக்கூட்டத்தில் அறிக்கையோடு சேர்த்து வாசித்தார். சபையாருக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. பிரின்சிபால் கையெழுத்து என்றதும் கைதட்டினார்கள். மூப்பர் தங்கையன் ஒரு முழம் நெருங்கி உட்கார்ந்தார். அதோடு நீதி நிலைநாட்டப்பட்டது என்று ஞானையன் நம்பினார். ஜெயபாய் நம்பவில்லை, அவளுக்குப் படிப்பு குறைவு.

அடுத்த இடவமாசம், மழைக்காலத் தொடக்கத்தில், காலேஜ் திறந்தது. அந்த வருஷம் வழக்கத்துக்கு மேலாக மழையும் கடல்காற்றும் ஜன்னல் வழியே கூடத்துக்குள் புகுந்து விளக்குச் சுடரைப் படுக்கவைத்தன. அந்தக் காற்றில் விளக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம் கொடுத்தாலே பெரிய காரியம். ஞானையன் ஆவலோடு நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தார்.

நாற்பது நோட்டிலும் ஒரு லட்சத்து ஐம்பதாயிரம். ஒருவன் நாற்பத்தொன்பது, இன்னொருவன் ஐம்பத்தொன்று. பாதியில் விளக்கு அணைந்துபோய் வெளியே மழை பார்க்கப் போனவனுக்கு அச்சாக ஒரு லட்சத்து ஐம்பதாயிரம். எல்லாவற்றின் அடியிலும் சிவப்பு மை.

"சார், இது என்ன அநியாயம்!" என்று நாகேஸ்வரனிடம் ஓடினார்.

"அநியாயமா? பலகையிலே போட்டிருக்கே ஓய், பிரின்சிபால் கையெழுத்தோட! அதுக்கு ஒத்து வரணுமோ இல்லியோ?"

மறுபடி மீனமாசம் வந்தது. மறுபடி மெமோ வந்தது.

'நடப்பு வருஷத்தில் செலவான ஸ்பிரிட் ஆறு காலனும், ஒரு காலனில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கும். தாங்களே நிரூபித்த எரிவெப்பத்தின்படி வேண்டியது ஆறு காலன். எஞ்சியதை வேலை நாட்களால் வகுக்க, தாங்கள் நாளொன்றுக்கு முக்கால் அவுன்ஸுக்குச் சற்றே கூடுதலாக அருந்தி வருவதாகக் காணப்படுகிறது. சென்ற வருஷத்தை நோக்க தங்களிடம் கணிசமான திருத்தம் தெரிகிறது. இது மிகவும் வரவேற்கத்தக்கது.'

ஜெயபாய் மெமோவைக் கேட்டு முடித்தாள். "கொறச்சுட்டியளே!" என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஆணியில் தொங்கிய காக்கிக் கோட்டை எடுத்து நீட்டினாள். "போங்க. இந்தத் தடவ எல்லா சன்னலையும் தொறந்து வச்சுக்கிட்டுப் பத்த வையுங்க."

ஞானையன் கூடத்துக்குப் போனார். ஸ்டூலில் ஏறிப் பலகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ஒரு கையில் விளக்கு, மறு கையில் தெர்மாமீட்டரோடு செம்புக் குவளை. ஸ்டோர் அறையில் பூதலிங்கம் பிள்ளை புது வருஷத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஞானையன் கையிலிருந்தவற்றை ஒரு பக்கம் வைத்துவிட்டு இரண்டு ஜன்னலையும் தள்ளித் திறந்தார். கடல்காற்றில் பிள்ளையின் காகிதங்கள் பறந்தன. பலகையைப் பேரேட்டின்மேல் வைத்து, அதன்மேல் விளக்கை வைத்து ஏற்றினார்.

"பிள்ளைவாள்," என்றார், "கைய நீட்டுங்கோ."